விடுப்பு விண்ணப்பம்

மாசி முதலாந் திகதி
தொழிற்சாலைக்குப் புதுப் படிவம் வந்தது.
கொழும்பில் யாரோ கொடுக்க
சென்னையில் யாரோ தமிழாக்கியதாம்.
தலையில் தடித்த எழுத்து:
விடுப்பு விண்ணப்பம்.

மூன்றாம் வரிசை மெசினை நிறுத்திச் சிரித்தது.
"என்னண்ணை, விடுப்புக் கேக்கவும்
இனிப் போம் நிரப்ப வேணுமோ?"
"அப்ப சறோமாவுக்கு
வருசம் முழுக்கச் சம்பளத்தோட குடுங்கோ!"

வன்னியில் விடுப்பு என்றால்
வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது.
ஆர் வந்தது, ஏன் வந்தது, பைக்குள் என்ன.
வேலைக்கு வராமல் நிற்க நாங்கள் எடுப்பது லீவு,
வெள்ளைக்காரன் போகும்போது
கொண்டுபோக மறந்த சாமான்.
சமன்மலி மிஸ் சொல்வது நிவாடு.
என் காதில் அது எப்போதும்
'நீ வாடு' என்றே விழும்.
ஒருநாள் அவவுக்கு அதை விளங்கப்படுத்தினேன்.
சிரித்தா. பிறகு விரல்மடித்து எண்ணினா,
மாத்தறைக்குப் போய் எட்டு மாதம்.

நான் லீவுக் கிளாக்.
காலை எட்டிலிருந்து இந்தச் சொல்லோடுதான் சீவியம்.
பொழுது போகாத ஒரு மத்தியானம்
அடியைக் கிண்டிப் பார்த்தேன்.
விடு.
அவ்வளவுதான் கிழங்கு.
பொத்திய கையைத் திற என்பதுபோல் ஒன்று.
விடுமுறையில் அதற்கொரு முறை வந்துவிட்டது,
வரிசை, கையொப்பம், றப்பர் முத்திரை.
விடுப்பு எப்படி எட்டிப் பார்ப்பதாயிற்றென்று
எனக்குச் சரியாகத் தெரியவில்லை.
வேலையால் விட்ட மனிசருக்குத்தான்
மற்றவன் படலையைப் பார்க்க
நேரம் கிடைத்திருக்கும் போல.

அதே கிழங்கில்
இன்னொரு சொல்லும் முளைத்தது.
அதைப் படிவங்களில் எழுதுவதில்லை.
சுவர் சுவராய் எழுதிய கைகள் சில
இங்கே கொலர் தைக்கின்றன,
மணிக்கு அறுபது.

செவ்வாய் பின்னேரம்
உதயறஞ்சினி படிவத்தோடு வந்தாள்.
ஒரு நாள், வியாழன்.
காரணத்துக்கு விட்ட கட்டம் சின்னது.
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே நின்றது.
வாசிக்காமலே கேட்டேன், "என்ன விசயம்?"
"காணி விடுகினமாம்."
"முழுக்கவோ?"
"கிணத்தடி மட்டும்."
"கிணறு?"
"அது அவையின்ர பக்கம்."

வரவுக் கொடுப்பனவு வெட்டுப்படும் என்றேன்.
அரை நாள் காணாதா என்றா சமன்மலி மிஸ்.
உதயறஞ்சினி
என் மேசையிலிருந்த குண்டூசியை
நிமிர்த்தி வைத்தாள்.
"பதினாறு வருசம், மிஸ்.
மத்தியானத்துக்கிடையில பாத்து முடியாது."
மிஸ் கையொப்பம் போட்டா.

வியாழன் அவளுடைய மெசின்
உறை போர்த்தபடி இருந்தது.
வெள்ளி, தேத்தண்ணி மணி அடித்ததும்
மூன்றாம் வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு
விடுப்புக் கேட்டது,
எங்கட கருத்தில்.

வீடு கிடக்கோ?
"அத்திவாரம் கிடக்கு.
குசினிச் சுவர் முழங்காலளவு."
மரங்கள்?
"எங்கட ஒண்டுமில்லை.
ஆமி வைச்ச வாழை நிக்குது.
குலை தள்ளியிருக்கு."
வெட்டினியோ?
"விட்டிட்டு வந்தன்."
ஏனடி?
அவள் தேத்தண்ணியை ஊதினாள்.
ஆறின தேத்தண்ணி.

பின்னேரம் கோவையில் போடும்போதுதான்
அந்தக் கட்டத்தை வாசித்தேன்.
அவசரத்தில் சுழி நீண்டுபோய்
காணி வீடுபடுது என்றிருந்தது.
சிவப்புப் பேனையைத் திறந்தேன்.
அடுத்த மாதம் கணக்காய்வு,
பிழை கண்டால் என்னைத்தான் கேட்பார்கள்.

மூடி வைத்தேன்.
இரண்டு துளை குத்திக் கோவையில் போட்டு,
பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதினேன்:
எடுத்தது ஒன்று.
மீதி ஆறு.